பிளாஸ்கில் வந்த சிந்திக் காளை

குற்றாலத்துக்குப் பக்கத்து ஊரான இலஞ்சியில் பிறந்தும், எட்டு வயது வரை நான் அருவியில் குளித்ததில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள். எங்கள் அப்பா அப்படி. மதுரைக்காரனும் மெட்ராஸ்காரனும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற தண்ணீரில் நமக்கு என்ன வேலை என்பார். வாசலில் சாரல் விழும். நாங்கள் கிணற்றடியில் குளிப்போம். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் திடீரென்று வண்டியைப் பூட்டச் சொல்லி, எங்களை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குக் காரணம் ஒரு சிந்திக் காளை. அந்தக் காளையை எங்கள் வீட்டில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

சிந்தி என்பது செவலை நிறச் சீமை ஜாதி. காளை திருநெல்வேலியில் நின்றது. அதன் விந்து மட்டும் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள், ஐஸ் போட்ட பிளாஸ்கில், பஸ் ஏறித் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்கு வரும். அங்கே கம்பவுண்டராக இருந்தவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. காளையைத் தேடி மாட்டை ஓட்டிக்கொண்டு அலைந்த காலம் போயிற்று, இனிமேல் காளை பஸ்ஸில் வரும் என்று கல்யாண வீடு, எழவு வீடு பாராமல் சொல்லிக்கொண்டு திரிவார். பெண்கள் இருக்கிற இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் தொழுவில் நின்றது அத்தையின் பசு. அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த வீட்டில் பிள்ளை இல்லை என்று சொல்லி, வேறு பெண் பார்த்துக்கொண்டு, இவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டியுமாக வந்து இறங்கினாளாம். அந்தக் கன்றுதான் வளர்ந்து இந்தப் பசு ஆயிற்று. ஒரு ஈத்து ஈன்றது; அதன் பால் கோயில் அபிஷேகத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. அதன்பிறகு இரண்டு தடவை ஊர்க் காளையிடம் விட்டும் சினை நிற்கவில்லை. பாலும் வற்றிவிட்டது. சும்மா நிற்கிற மாட்டுக்கு எத்தனை நாள் தீனி போடுவது என்று அப்பா செங்கோட்டை வியாபாரி ஒருவரிடம் சொல்லி வைத்துவிட்டார். செங்கோட்டை வியாபாரி என்றால் மாடு மலை தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடும். போன மாடு எதுவும் திரும்பி வந்ததில்லை.

அத்தை அப்பாவிடம் எதுவும் பேசவில்லை. நேராக மாமாவிடம் போய், ஒரே ஒரு தடவை அந்த ஊசியைப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். மாமா அப்பாவிடம் வந்து மணிக்கணக்கில் பேசி, கடைசியில் அப்பாவும் சரி என்றார். இந்தத் தடவையும் நிற்காவிட்டால் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போவான், அப்புறம் யாரும் குறுக்கே பேசக்கூடாது என்பது பேச்சு.

அருவிக்குப் போன அன்றைக்கு விடிந்ததிலிருந்து பசு விடாமல் கத்தியது. பருவத்துக்கு வந்துவிட்டது என்று தென்காசிக்கு ஆள் போயிற்று. மாமா சைக்கிளில் பிளாஸ்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். ஐஸ் பாதி கரைந்துவிட்டது, உள்ளே இருப்பது மூன்றாம் நாள் சரக்கு, சாயங்காலத்துக்கு மேல் தாங்காது என்றார். அதோடு வேலையைப் பார்த்திருக்கலாம். அப்பா ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் மாப்ளை, காளை அங்கன நிக்கி, மாடு இங்கன நிக்கி. மூணு நாளா அது எப்படிக் கெடாம இருக்கு?"

மாமாவுக்கு வாய் நிற்குமா? "ஐஸ் மட்டும் போதாது அத்தான். முட்டை மஞ்சக்கருவுல கலந்துல்லா வச்சிருக்கு! அதத் தின்னுக்கிட்டுத்தான் உயிரோட கெடக்கும்" என்றார்.

எங்கள் வீடு சைவ வீடு. சைவம் என்றால் எப்படிப்பட்ட சைவம்? முட்டைக்கோஸைக்கூட எங்கள் வீட்டில் 'கோசு' என்றுதான் சொல்வோம். மாமாவும் அதே சைவத்தில் பிறந்தவர்தான். ஒரு வருஷமாக ஆஸ்பத்திரியில் இந்தக் கலவையைத் தொட்டுப் புழங்கியதை எங்களிடம் மூச்சுவிடவில்லை. பெருமையில் உளறிவிட்டார்.

"அட பாவி! அந்தக் கையோடயா போன வெள்ளிக்கெழம எங்க வீட்டுப் பந்தியில உக்காந்து சாப்ட்ட?" என்று அம்மா ஆரம்பித்தாள். "கேட்டியளா உங்க மச்சினன் சொல்லுதத? மாட்டு வயித்துக்குள்ள முட்டை போனா, நாளைக்கு அந்தப் பால எப்படி முருகனுக்கு அனுப்புதது? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். எடுத்துட்டுப் போச் சொல்லுங்க."

"அக்கா, ஒரு சொட்டுதான்க்கா. குண்டூசித் தலை அளவுகூட இருக்காது" என்று மாமா கெஞ்சினார்.

"வெசமும் சொட்டுதாம்லே!"

மூன்று வேளையும் திருநீறு பூசுகிற அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாமாகூட பிளாஸ்கை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். அப்போதுதான் தொழுவுக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது. அவள் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு தடவ நிக்கலன்னா அனுப்பிரணுமா அண்ணாச்சி? நீங்களுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். பசு கத்திக்கொண்டே இருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சீசன் நல்லாருக்காமே" என்றார். "எல்லாரும் கெளம்புங்க. அருவிக்குப் போயிட்டு வருவோம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "இப்பமா?"

"இப்பந்தான். பிள்ளைகளுக்கு மாத்துத்துணி எடு."

"மாடு கத்துது. பிளாஸ்கு..."

"எந்த பிளாஸ்கு?" என்றார் அப்பா. "நான் ஒரு பிளாஸ்கையும் பாக்கல. ஒண்ணும் கேக்கவும் இல்ல."

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மாமாவுக்கும் புரியவில்லை. அருவி என்றதும் முகமெல்லாம் பல்லாகி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏற வந்துவிட்டார். அப்பா அவர் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தார்.

"நீ வராத. ஒனக்குத் தடுமம்."

"எனக்கா?"

"ஒனக்குத்தான்."

"மாமாவுக்கு மூக்கே ஒழுகலியே, தடுமமே இல்லப்பா" என்று நான் நியாயம் பேசினேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. மாமாவுக்கு விளங்கியபோது வண்டி தெருமுனையை எட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பிளாஸ்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொழுவைப் பார்த்து ஓடினார்.

அருவியைப் பற்றி என்ன சொல்ல! தலையில் கல் விழுகிற மாதிரி விழுந்தது. நானும் தம்பியும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறினோம். பிறகு வெளியே வர மாட்டோம் என்று அழுதோம். அப்பா அந்தப் பக்கம் ஆண்களோடு நின்றார். ஒரு கூட்டம் குளித்துவிட்டுப் போய் இன்னொரு கூட்டம் வந்தது, அவர் அசையவில்லை. வெளியே வந்தபோது கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தது. தண்ணீர் வேகம் என்று அம்மா சொன்னாள். எனக்கும் சிவந்திருந்ததால் நம்பினேன். அத்தையின் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அப்பாதான், அவர்கள் வேண்டாமென்றபோது போய் அழைத்து வந்ததும் அப்பாதான் என்பதெல்லாம் எனக்கு அப்போது யார் சொல்வார்கள்?

போகலாமா என்று அம்மா கேட்டபோதெல்லாம் அப்பாவுக்கு ஏதாவது ஒன்று பாக்கி இருந்தது. சுண்டல் வாங்கித் தந்தார். மங்குஸ்தான் வாங்கித் தந்தார். எனக்கு ஒரு பாசிமாலை. அப்பாவுக்கு எங்கள்மேல் இவ்வளவு பிரியமா என்று நான் பூரித்துப்போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமா இல்லை. தொழு கழுவிவிட்டிருந்தது. அத்தை தலைக்குக் குளித்து ஈரத்தலையோடு நின்றாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா அவளுக்குத் தட்டு வைத்து, சோறு போட்டு, நெய்யை வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்றினாள்.

பசு சினை பிடித்தது. வியாபாரி வந்து கேட்டபோது, விற்கிற மாடு எதுவும் இங்கே இல்லையே என்று அப்பா கையை விரித்துவிட்டார். பங்குனியில் ஒரு காலை, வெள்ளைப் பசு செம்மண் நிறத்தில் ஒரு கிடாரிக் கன்று போட்டது. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரு முழுக்கக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னால் அபிஷேகப் பாலும் ஒழுங்காகப் போயிற்று. அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கன்று விழுந்த அன்று அப்பா பூஜையிலிருந்து நேராகத் தொழுவுக்கு வந்தார். கையில் இருந்த திருநீற்றைக் கன்றுக்குப் பூசினார், பசுவுக்குப் பூசினார். மிச்சத்தை அத்தையின் நெற்றியில் பூசினார்.

"ஒம்மேல ஒரு குத்தமும் கெடையாதுட்டி" என்றார். "அப்பமும் கெடையாது, இப்பமும் கெடையாது."

அத்தை சாணித் தரையில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நான் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். அத்தைமேல் யார் குற்றம் சொன்னது, அத்தை அப்படி என்னதான் செய்தாள் என்று அன்று பூராவும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன்.