மொட்டாகவே கருகிய சம்பங்கி

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு, படுக்கையில் கிடந்த என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“இந்த ஞாயித்துக்கிழமை ஆல்டர்ல நீங்க சம்பங்கி வைங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் நிக்கணும். அதுக்குள்ள நான் எழும்பிருவேன்.”

ஆலயத்தில் சிலுவைக்குக் கீழே ஆல்டர் மேசைமேல் இருக்கும் இரண்டு பித்தளைச் சாடிகளுக்கும் பதினோரு வருடமாக அவள்தான் பூ வைத்து வந்தாள். எழும்பிவிடுவோம் என்று நம்பினாள். நானும் நம்ப ஆசைப்பட்டேன்.

கரிவலம் ரோட்டில் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். எனக்குத் தெரிந்த பக்குவம் மல்லிகைப் பக்குவம்தான். மொட்டாகப் பறித்து ஈரத்துணியில் பொதிய வேண்டும்; மார்க்கெட் போய்ச் சேரும்வரை விரியவிடக் கூடாது. வரப்போரம் அவள் நட்டிருந்த சம்பங்கிக்கும் அதையே செய்தேன். ஒரு பூவும் விரியாத தண்டுகளாகப் பார்த்து, இருந்ததையெல்லாம் சனிக்கிழமை வெட்டி, ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தேன். மறுநாள் சாடியில் நிறுத்தியபோது விறைப்பாகத்தான் நின்றன. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் தண்டுகள் கழுத்தொடிந்து தொங்கின. மொட்டுகள் விரியாமலே கருகியிருந்தன. எடுத்துப் போட்டபோது சாடித் தண்ணீர் நாறியது. ஆலயம் பெருக்கும் அண்ணாச்சி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“வே, உம்ம வீட்டம்மா கீழ ரெண்டு பூ விரிஞ்ச தண்டாத்தான் வெட்டுவாவ. வெட்டுன கையோட வாளித் தண்ணியில நிறுத்துவாவ. தெனமும் காலையில வந்து அடித்தண்ட நறுக்கி, தண்ணி மாத்துவாவ. நீரு என்ன, மார்க்கெட்டுக்கா அனுப்புதீரு?”

தினமும் காலையில் ஜெபிக்கத்தான் போகிறாள் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“பூ நிக்குதா?” என்றாள் வீட்டில்.

“நல்லா நிக்குது.”

“கையக் கொண்டாங்க.” முகர்ந்து பார்த்தாள். “சம்பங்கியத் தொட்ட கையா இது? சாக்கடை வாடையில்ல அடிக்கு. மல்லியப் பொதியுத மாதிரி பொதிஞ்சியளோ?”

சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

“போங்க, தோட்டத்துல வேற இருக்கும். வெட்டிட்டு வாங்க.”

போனேன். ஒரு தண்டுகூட இல்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள். ஞாயிறு ஆராதனையில் இரண்டு சாடிகளும் வெறுமையாக இருந்தன. போதகர் எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை.