மசக்கைப் பாடம்

கிராம சேவிகா கல்யாணசுந்தரியைப் போல ஒரு கேடியை நான் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறுவருஷம், நெரவியிலிருந்து எங்கள் விழிதியூருக்கு நடந்தே வந்தாள். கையில் சுருட்டிய படம். ஆப்பிள், கேரட், சோப்புக்கட்டி மாதிரி ஒன்று, கேட்டால் சீஸாம். பிள்ளைத்தாய்ச்சிகள் இதையெல்லாம் தின்ன வேண்டுமாம். எங்கே போய்த் தின்பது? கூட்டம் முடிந்ததும் எல்லாரும் அவளிடம் கேட்டது ஒன்றுதான், கல்யாணம் ஆகிவிட்டதா என்று.

நான் அப்போது மறுபடி உண்டாகியிருந்தேன். முதல் இரண்டும் எலிக்குஞ்சு மாதிரிப் பிறந்து, பேர் வைக்கும் முன்னே போய்விட்டன. நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், பெற முடியாது என்பது என் மாமியார் அஞ்சம்மாளின் சட்டம். கொல்லையில் முருங்கை, கூடைக்குள் முட்டை, வாய்க்காலில் நண்டு. எனக்கு மட்டும் அரை வயிற்றுக் கஞ்சி. இதுவும் தங்காது என்று நான் பயந்து செத்தேன்.

கல்யாணசுந்தரி மாமியாரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை பெறாதவள் எனக்குப் பாடம் சொல்வதா என்று அவர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அடுத்த வாரம் அவள் படத்தைக் கொண்டு வரவில்லை. குளத்துப் படித்துறையில் எங்களோடு உட்கார்ந்து, இந்த மாமியார்கள் எதற்குத்தான் பயப்படுவார்கள் என்று விசாரித்தாள். மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும், அதற்குத்தான் என்றோம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப ஆசப்படுங்க," என்றாள். "மாங்காய்க்கும் சாம்பலுக்கும் ஆசப்பட்டது போதும். முட்டைக்கு ஆசப்படுங்க. கீரைக்கு, நண்டுக்கு ஆசப்படுங்க."

அன்றைக்கே நான் முட்டை கேட்டு மூக்கைச் சிந்தினேன். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே அவித்துக் கொடுத்தார். மறுநாள் முருங்கைக்கீரை. அப்புறம் நண்டுக் குழம்பு. தெருவில் வாயும் வயிறுமாக இருந்த அத்தனை பேருக்கும் அச்சாக அதே ஆசை. முருங்கை மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது. எனக்குக் கண் இருட்டுவது நின்று, வயிற்றில் பிள்ளை உதைக்க ஆரம்பித்தது.

மாமியார்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்களா? பேசிவிட்டார்கள். அடுத்த முறை கல்யாணசுந்தரி வாசலில் கால் வைத்ததும் என் மாமியார் பிடித்துக்கொண்டார். "ஊருல உள்ளவளுக்கெல்லாம் ஒரே மசக்கையா? நீதான சொல்லிக் குடுத்த?"

இனி பழையபடி கஞ்சிதான் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் புண்ணியவதி ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா? ஆமாம், நான்தான் என்றாள்.

மாமியார் கத்துவார் என்று பார்த்தால், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பெத்ததுல பாதிய மண்ணுக்குத்தான் குடுத்தேன்," என்றார். "இப்புடிக் கேளுடீன்னு எனக்கு ஒருத்தியும் சொல்லலியே."

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு எழுந்து போய் இரண்டு முட்டை அவித்துக்கொண்டு வந்தார். ஒன்றை என் கையில் வைத்தார். மற்றதைக் கையிலேயே உருட்டிக்கொண்டு, கல்யாணசுந்தரியைப் பார்த்து, "கெழவி தின்னா ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டார்.

மாசியில் எனக்கு மகன் பிறந்தான். தங்கினான்.