ஒரே துளையில் ஐந்து குண்டு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலின் தடிமனை அளந்து பார்ப்பது என் வேலை. வேலூரில் ரைபிள் பழகும் மகளின் குறி அட்டைகளையும் அப்படியே அளந்தேன். ஒருநாள் அவள் சுட்ட ஐந்து குண்டும் ஒரே துளையில் பாய்ந்தன. அந்த அட்டையை டைரியில் ஒட்டி, தினமும் அதைக் காட்டி, ஏன் மறுபடி இப்படிச் சுடவில்லை என்று திட்டினேன்.

"இனிமே வரமாட்டேம்பா" என்று அவள் ஒருநாள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள்.

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த அறிமுகமில்லாத பெண்மணி என் டைரியை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார், ஒண்ணுதான் இருக்கு? மத்த அட்டையெல்லாம் எங்க?"

"குப்பையில போட்டுட்டேன், மேடம்."

"அதுவும் இவ சுட்டதுதானே? இது அதிசயமா விழுந்தது. அதெல்லாம்தான் இவ குறி. எனக்கே இவளவிட ஜாஸ்தி சிதறுது."

அன்றைய அட்டைகளைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிப் பரப்பினேன். எல்லாக் குண்டும் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்துக்குள்தான் பாய்ந்திருந்தன. எனக்குத்தான் அது தெரியவில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் புது அட்டை ஒன்றை மாட்டினாள். பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்தப் பெண்மணிக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.