அரைச் சாக்பீஸ்

சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, மறு பாதியை வலது உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டுதான் கோகிலவாணி டீச்சர் ஏழாம் வகுப்புக்குள் நுழைகிறார். எழுதுவதற்கு அல்ல. அந்த வகுப்பின் கரும்பலகையில் பாதியை வெள்ளைத் திரை மறைத்துவிட்டது. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சொந்தம். ஆனாலும் கை வெறுமனே இருந்தால் வாய் திறந்துகொள்ளும் என்று அவருக்குப் பயம். "இது கையில இருந்தா நாக்கு கொஞ்சம் அடங்கிக் கெடக்குதுங்க. இல்லீன்னா நானே பாடத்த ஆரம்பிச்சுப் போடுவேன்" என்பார். பள்ளி விடும்போது சாக்பீஸ் மாவாகிப் போயிருக்கும். அன்றைக்கு எவ்வளவு பேச்சை விழுங்கினார் என்பதை அந்த மாவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில், மரவள்ளிக் காட்டுக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிற ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை. குள்ளமான உருவம். பருத்திச் சேலைக்கு மேல் வருஷம் முழுக்க ஒரே பழுப்பு ஸ்வெட்டர். சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக மேலே வந்தபோது, அவரிடம் சொத்து என்று இருந்தது குரல் ஒன்றுதான். ஆனால் அது என்ன குரல்! அவர் வாய்ப்பாட்டை எடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, அந்தச் சத்தம் ஓட்டுக்கூரையைத் தாண்டி, பனிமஞ்சு மூடிய சரிவெல்லாம் போய் விழும். களை வெட்டுகிறவர்கள் அந்தத் தாளத்துக்கே கொத்தைப் போடுவார்கள். இப்போது சத்துணவு சமைக்கிற பாப்பாயி அப்போது காட்டு வேலைக்குப் போனவர். "டீச்சரு பதிமூணாம் வாய்ப்பாட்டுக்கு வந்துட்டா எங்களுக்குக் கஞ்சி குடிக்கற நேரமுங்க. அப்பல்லாம் கடியாரத்த யாரு பாத்தா" என்று இன்றைக்கும் சொல்வார். அதைக் கேட்கும்போது டீச்சரின் முகம் மலர்ந்துவிடும். அடுத்த நிமிஷமே, ஏதோ திருடித் தின்றவர்போலச் சுருங்கியும் விடும்.

சுருங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை. "நீங்களே சொல்லுங்க சாமிகளா" என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்தார். வாய்ப்பாடு நாலைந்து வரி ஓடியது. அப்புறம் தடுக்கி விழுந்தது. தெரிந்த பிள்ளைகள் கைவிரல்களுக்குள் அடங்கினார்கள். மற்றவர்கள் இத்தனை நாளும் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார்கள். "என்ற குரலு மேல ஏறிச் சவாரி செஞ்சிருக்குதுங்க அத்தனையும். நானும் பெருமையாச் சொமந்திருக்கறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் அழுதார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. டேப்லெட்டுகளும் திரையும் வந்தபோது, பக்கத்துப் பள்ளிகளில் அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். கேள்வியும் பிள்ளைகளுடையது, தேடுவதும் பிள்ளைகள்தான். அன்றைய வகுப்பை நடத்துவது அவர்களில் ஒருவர். பேச விரும்புகிறவர் கையைத் தூக்க வேண்டும். முறை வந்தால்தான் வாயைத் திறக்கலாம். இந்த விதியை எழுதியவரும் டீச்சர்தான், தினமும் மீறுகிறவரும் அவர்தான். எந்தப் பிள்ளையாவது தடுமாறினால் போதும், கை தூக்காமலே நடுவில் புகுந்துவிடுவார். அரைச் சாக்பீஸ் அப்போது வந்து சேர்ந்ததுதான்.

தடுக்கி விழாமல் இதையெல்லாம் செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முதல் மழைக்காலத்தில் பனிமஞ்சு ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. டேப்லெட்டெல்லாம் ஈரம் பாரித்துவிடுமே என்று தவித்தபோது பாப்பாயி வழி சொன்னார். "அடுப்புக்கு மேல பரண்ல வையுங்க டீச்சர். வெதச் சாமைய அங்கதான் வெச்சிருக்கறம். ஈரமும் அண்டாது, பூச்சியும் அண்டாது." அது மலையில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். டீச்சரும் கூடையில் வேப்பிலை பரப்பி, டேப்லெட்டுகளை அடுக்கி, சமையல்கூடப் பரணில் பத்திரமாக ஏற்றிவைத்தார். சில நாளில் அடுப்புச் சூட்டில் இரண்டு டேப்லெட்டுகள் பூரி மாதிரி உப்பிக்கொண்டன. உதவி ஆசிரியர் பூபதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தப்பித்தவை இப்போது டீச்சரின் பழைய பருத்திச் சேலைத் துண்டுகளுக்குள் சுகமாகத் தூங்குகின்றன. டவர் மட்டும் இன்னும் பள்ளிக்குள் வரவில்லை; மைதானத்து ஓரத்துப் பலாமரத்தடியில்தான் கிடைக்கும். வீடியோ இறக்குகிற பிள்ளைகள் அங்கே அண்ணாந்தபடி நிற்பதைப் பார்த்தால், காய் பறிக்க வந்தவர்கள் என்றுதான் தோன்றும்.

பிள்ளைகள் போன பிறகு, டீச்சர் சில நாள் காலி வகுப்பில் தனியாக நிற்பார். துடைத்த பலகையையே இன்னொரு தரம் துடைப்பார். பிறகு, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வாய்ப்பாட்டை மெல்ல ஆரம்பிப்பார். எதிர்க்குரல் வராது. ஏக்கம்தான், வேறென்ன. ஒரு நாள் பூபதி பார்த்துவிட்டார். மழுப்பத் தெரியாமல் டீச்சர் சொன்னார்: "நான் உக்காந்து பாடுன கெளை, நானே வெட்டிப் போட்டதுங்க தம்பி. நானே வந்து அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறேன்."

பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் போனது ஊருக்குப் பிடிக்கவில்லை. மிளகு பறிப்புக் காலத்தில் ஒரு நாள், செல்லமுத்து தன் தோட்டத்திலிருந்து காதைத் தீட்டிக் கேட்டார். வாய்ப்பாட்டுச் சத்தம் இல்லை. சரி, லீவு விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துகொண்டிருந்த மகள் தேன்மொழியையும் அவள் கூட்டாளிகளையும் வழியிலேயே மறித்து மிளகு பறிக்க விட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் அவர் கோபம் டீச்சர் மேல் திரும்பியது. பெற்றோர் கூட்டத்தில் எழுந்தார். "பழையபடி சத்தமாப் பாடம் நடத்தோணுமுங்க. டீச்சரு சும்மா உக்காந்திருக்க, புள்ளைங்க பொட்டிய நோண்டுனா படிப்பு எப்படீங்க வரும்? இல்லீன்னா என்ற பொண்ணக் கீழ ஹாஸ்டல்ல சேத்திப் போடறேன்." பல தலைகள் ஆடின.

டீச்சருக்கு வரும் மே மாதம் ஓய்வு. அப்புறம் பொறுப்பு பூபதிக்கு. அவர் நல்ல பையன்தான், ஆனால் ஊரை எதிர்த்து நிற்கிற ஆள் இல்லை. "நீங்க இருக்கறப்பவே இவங்க ஒத்துக்கலீன்னா, நான் தனியா எப்படீங்க டீச்சர் சமாளிக்கறது? பழையபடி நானும் கத்த வேண்டியதுதான்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். டீச்சருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள், "ஒரு நாள் வந்து பின்னாடி உக்காந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க" என்று செல்லமுத்துவிடம் சொல்லியனுப்பினார்.

வந்தார்கள். கடைசிப் பெஞ்சில் செல்லமுத்துவும் அவரை நம்பி வந்த சிலரும். அவர்களுக்குப் பக்கத்தில், சாக்பீஸைப் பொத்திக்கொண்டு டீச்சர். அன்றைக்கு வகுப்பை நடத்துவது தேன்மொழி. அவள் குழுவின் கேள்வி: ஒரே தோட்டத்தில் மேல்பக்கத்து மிளகுக்கொடி செழித்திருக்க, கீழ்ப்பக்கத்துக் கொடி ஏன் வாடுகிறது? வாராவாரம் எடுத்த படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் செல்லமுத்துவின் தோட்டம். அவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கீழ்ப்பக்கம் மர நெழலு ஜாஸ்தி. வெயில் படாததால கொடி வாடுது" என்று முடித்தாள் தேன்மொழி.

"அதெப்படி, மேல்பக்கமும் நெழலுதான?" என்று செல்லமுத்து சத்தம் போட்டார்.

"அப்பா, கையத் தூக்கிட்டுப் பேசுங்க."

வகுப்பு சிரித்தது. செல்லமுத்து கையைத் தூக்குவதுபோலத் தூக்கி, தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். "அட, நீங்களே சொல்லிருங்க டீச்சர். நீங்க சொன்னா அதுதாங்க சரி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோரம் நின்ற பூபதியும்தான். திரையில் இருக்கிற படத்திலேயே பதில் இருக்கிறது என்பது டீச்சருக்குத் தெரியும்: கொடியின் வேரடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஒரு வாக்கியம் போதும். அந்தப் பழைய குரலை எடுத்து அவர் அதைச் சொன்னால் செல்லமுத்து கும்பிட்டுவிட்டுப் போவார், ஊரே திருப்தியாகும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம்.

சாக்பீஸ் நொறுங்குகிற சத்தம் பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்டது. டீச்சர் வலது கையைத் தூக்கினார்.

தேன்மொழி வகுப்பை ஒரு தரம் சுற்றிப் பார்த்தாள். முன்வரிசையில் மாணிக்கம் எப்போதிருந்தோ கையைத் தூக்கியபடி, படத்தில் வேரடியையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல மாணிக்கம். அப்புறம் எங்கப்பா. அப்புறம் நீங்க டீச்சர்."

மாணிக்கம் எழுந்து திரைப் பக்கம் நடந்தான். பெஞ்சின் அந்த ஓரத்தில் செல்லமுத்துவின் கை, இந்தத் தடவை முழுசாக, மேலே போயிற்று. டீச்சர் தூக்கிய கையை இறக்கவில்லை. நொறுங்கிய சாக்பீஸ் மாவு மணிக்கட்டு வழியாக ஸ்வெட்டர் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.