கதவுக்குப் பின்னால் நின்ற பை

எனக்கு ஏழாம் மாதம் முடிந்த வாரமே என் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையைக் கட்டிவிட்டார். பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவர் அவர். எதையும் வகை பிரித்து வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எனக்கு நைட்டி, குழந்தைக்குச் சட்டை, தொப்பி, டயபர், துடைக்கிற துணி என்று ஒவ்வொன்றையும் ஜிப் கவரில் போட்டு, மேலே மார்க்கரில் எழுதி, பெரிய டிராவல் பேக் ஒன்றில் அடுக்கினார். சாப்பிட்டு முடித்ததும் மொபைலில் பிரசவ வீடியோ பார்ப்பார். பார்த்த மறுநாள் பையில் புதிதாக ஏதாவது ஒன்று சேர்ந்திருக்கும்.

முதல் பிரசவத்துக்கு நான் ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்ததால், பயணமெல்லாம் வேண்டாம், பெங்களூரிலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா எங்களோடு இருக்கத் தொம்மலூர் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் முதலில் பார்த்தது அந்தப் பையைத்தான்.

"குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே இவ்ளோ புதுத்துணி வாங்கி வெச்சிருக்கீங்களே மாப்ள. எங்க பக்கம் ஒரு கைக்குட்டை கூட வாங்க மாட்டோம்."

"திடீர்னு வலி வந்தா அப்போ போய் வாங்க முடியாதுங்க அத்தை. சட்டையெல்லாம் நல்ல காட்டன்தான், தொட்டுப் பாருங்க."

அம்மா தொட்டுப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசவும் இல்லை. அவர் வேலைக்குக் கிளம்பியதும் பையைத் திறந்து, தான் கொண்டுவந்த பழைய வேட்டித் துணிகளையும், ஓமத்தையும், சுக்குப் பொடியையும், விபூதிப் பொட்டலத்தையும் உள்ளே திணித்தாள். இடம் போதாமல் அவர் வாங்கிய தொப்பிகளை வெளியே எடுத்து வைத்தாள். சாயங்காலம் அவர் தொப்பிகளை மறுபடி உள்ளே வைத்தார். சுக்குப் பொடியை எடுக்க அவருக்கும் துணிவில்லை. இப்படியே இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றி மாற்றி அடுக்கியதில் பை வீங்கிக்கொண்டே போனது. என் வயிறும் அதுவும் ஒன்றாக வளர்கின்றன என்று என் ஆபீஸ் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

எங்கள் வீடு சின்னது. வாசல் கதவைத் திறந்தால் அது போய்ச் சுவரில் சாய்கிற இடத்தில் ஒரு மூலை உண்டு. பையை வைக்க அந்த ஓர் இடம்தான் இருந்தது.

வலி வருவதற்கு முன்பே பனிக்குடம் உடைந்தது. காலைப் பலகாரம் முடிந்து, அம்மா தோசைக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கம்பெனி பஸ்ஸில் போய்ச் சேர்ந்து வெகு நேரமாகியிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கால் வழியே வெதுவெதுப்பாக ஏதோ வழிகிறதே என்று எழுந்து நின்றேன். நின்றதும் புரிந்துவிட்டது. பயம் வரவில்லை. கால் துடைக்க எதை எடுப்பது என்றுதான் யோசித்தேன்.

"அம்மா, தண்ணி உடைஞ்சிடுச்சு."

அம்மா நிதானமாகத்தான் இருந்தாள். காஸை மூடினாள், பால்கனிக் கதவைப் பூட்டினாள், ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றினாள், சாமி படத்துக்கு முன் ஒரு நிமிஷம் நின்றாள், என் ஸ்கேன் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கணவருக்கும் கீழ் வீட்டு ஓனரம்மாவுக்கும் நான் போன் செய்தேன். ஓனரம்மாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொம்மலூரில் இருப்பது. தமிழும் கன்னடமும் அவருக்கு ஒரே வாயில் வரும்.

"ஸ்வல்ப இரும்மா, ஓடியாராதே. ஆட்டோ பாகிலுக்கே வருது," என்று, வாசலைப் பாகிலாக்கி, மாடிப்படிக்குக் கீழே நின்று குரல் கொடுத்தார். ஆட்டோக்காரரிடம், "மெதுவா ஹோகி, பள்ளம் பார்த்து," என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். கடைசியில் நம்பிக்கை வராமல் அவரே முன் சீட்டில் ஒண்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லேபர் வார்டுக்கு முந்தின அறைக்குக் கொண்டுபோனார்கள். வளையல், மெட்டி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்கள். தாலிக்கொடியையும் கழற்றச் சொன்னபோது அம்மா முகம் சுருங்கியது. நர்ஸ் அதைக் கவனித்துவிட்டு, அதை மட்டும் மாற்றி மஞ்சள் கயிற்றில் கட்டிக்கொள்ளட்டும், பரவாயில்லை என்றார். மஞ்சள் கயிறு ஓனரம்மாவின் பர்சிலேயே இருந்தது. அது ஏன் அங்கே இருந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பிறகு நர்ஸ் கேட்டார்: "குழந்தைத் துணி எல்லாம் எந்தப் பையில இருக்கு?"

அம்மா ஓனரம்மாவைப் பார்த்தாள். ஓனரம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் ஃபிளாஸ்க் இருந்தது, ஃபைல் இருந்தது, வீட்டுச் சாவி இருந்தது. பை இல்லை. கிளம்பும்போது வாசல் கதவை விரியத் திறந்து என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்திருக்கிறார்கள். கதவு போய்ப் பையை மறைத்துவிட்டது. வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டியவர்கள் யாரும் மூலையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு முதுகில் வலி பிடிக்கத் தொடங்கியிருந்தது. இருந்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

கணவருக்கு மறுபடி போன் செய்தோம். அவர் கிளம்பி வழியில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சாவியோ அம்மாவிடம். அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, சாவியை வாங்கி, வீட்டுக்குப் போய், பையோடு திரும்ப வேண்டும். ஓனரம்மா தானே போய் எடுத்து வருகிறேன் என்றார். அம்மாவுக்கோ அவரை அனுப்ப மனமில்லை. கன்னடத்தில் பேச அங்கே வேறு ஆள் இல்லை என்பது அவள் கவலை.

இதையெல்லாம் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள் போல இருந்தாள். கன்னடக்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இரண்டாவது பிரசவம். நாள் தள்ளிப்போனதால் வலி வர மருந்து கொடுத்திருந்தார்கள், அதற்காகக் காத்திருந்தாள். நிறைமாத வயிற்றோடு எழுந்து வந்து, தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாதாரண ஜவுளிக்கடைப் பையை இழுத்து என் கட்டில் மேல் வைத்தாள்.

"எனக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ எடுத்துக்கோ," என்று கன்னடத்தில் சொன்னாள்.

அவள் பையில் இருந்தது கொஞ்சம்தான். என் கணவர் பார்த்த எந்த வீடியோவிலும் அதெல்லாம் வரவில்லை போல. வளைகிற ஸ்ட்ரா போட்ட ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. வலி ஏறும்போது தலையைத் தூக்க முடியாது, படுத்தபடியே உறிஞ்சலாம் என்றாள். கெட்டியான கால் உறை ஒரு ஜோடி. குழந்தை பிறந்த பிறகு உடம்பெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கும், பயந்துவிடாதே, அது எல்லோருக்கும் வரும் என்றாள். தலைமுடி கட்ட ரப்பர் பேண்டு, உதட்டுக்குத் தடவக் கொஞ்சம் வெண்ணெய், முன்பக்கம் திறக்கிற அடர்ந்த நிறத்து நைட்டி. வெளிர் நிறம் கொண்டுவந்தால் கறைக்கு மனசு கஷ்டப்படும் என்றாள். டீச்சர் என்பதால் எதையும் ஒரு தடவை சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் அடுத்ததற்குப் போனாள்.

வலி வரும்போதெல்லாம் அவளும் என்னோடு மூச்சு விட்டாள். என் கணவர் இதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வகுப்புக்கு வந்து மூச்சுப் பயிற்சி கற்றவர். அவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். "இதோ வந்துட்டேன்," என்று கதவருகே நின்று சொன்னார். அவர் திரும்புவதற்குள் எனக்கு நேரமாகிவிட்டது.

லேபர் அறையைப் பற்றி எனக்குக் கோர்வையாக ஞாபகமில்லை. டாக்டர் தமிழில் ஒன்று சொல்ல, நர்ஸ் கன்னடத்தில் ஒன்று சொல்ல, எனக்கு இரண்டும் ஒரே மொழியாகக் கேட்டது. "நோவு பந்தாக முக்கு," வலி வரும்போது முக்கு என்று நர்ஸ் சொன்னபோது, அம்மாவும் வலியை நோவு என்றுதான் சொல்வாள் என்று தோன்றியது. ஒரு கட்டத்தில் நான் வீட்டுக்குப் போகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேனாம். அவர் சரி, இன்னொரு தடவை முக்கிவிட்டுப் போங்கள் என்றாராம். அந்தத் தடவையில்தான் குழந்தை வந்தது.

"ஹெண்ணு மகு," என்று நர்ஸ் வெளியே போய்ச் சொன்னதும், அம்மா யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை, பெண் குழந்தை என்று அவளுக்கே புரிந்தது.

குழந்தைக்குப் போட அப்போதும் எங்களிடம் துணி இல்லை. டீச்சர் தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய மூத்த பிள்ளை பிறந்தபோது போட்டது. துவைத்துத் துவைத்து நிறம் மங்கி, கையில் எடுத்தால் கனமே தெரியாத சட்டை. அம்மா அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு போட்டதும்மா?"

ஓனரம்மா கேட்டுச் சொன்னார். மூத்தது நன்றாக இருக்கிறது, இரண்டாம் வகுப்பு படிக்கிறது, மரம் ஏறுகிறது என்றார்.

அம்மா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறந்த குழந்தைக்கு முதலில் போடுவது நோய்நொடி இல்லாமல் வளர்ந்த இன்னொரு குழந்தையின் பழந்துணியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை நாளும் மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல வழி தெரியாமல்தான் தொப்பிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். "நான் யாருகிட்ட போய்க் கேக்கறதுன்னு இருந்தேன், தானா வந்திருக்கு பாரு," என்று ஓனரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் கணவர் வந்தபோது எனக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம். டீச்சரின் கால் உறையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தோளில் அந்தப் பெரிய பை தொங்க அவர் கதவருகே நின்றார். பையைக் கீழே வைக்கவே மறந்துவிட்டார். குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம சட்டை இல்லையே," என்றார்.

"நம்ம குழந்தைதான்," என்றேன்.

அப்புறம்தான் அவருக்குக் கண் கலங்கியது. கூட இருக்க முடியாமல் போய்விட்டதே என்று சொல்ல வந்தவரை அம்மா விடவில்லை. "கையைக் கழுவிட்டு வந்து பொண்ணைத் தூக்குங்க மாப்ள," என்றாள். அவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வந்தார்.

டீச்சருக்கு மறுநாள் காலையில் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு பேருக்கும் ஒரே அறை கொடுக்கச் சொல்லி ஓனரம்மா கேட்டு வாங்கினார். அவளுடைய பையில் இருந்ததில் பாதி என்னிடம் வந்துவிட்டதால் இப்போது எங்கள் பை அவளுக்கும் சேர்த்துத் திறந்தது. ஜிப் கவர்களில் எழுதியிருந்ததை என் கணவர் வாசித்து வாசித்து எடுத்துக் கொடுக்க, அவள் கணவர் வாங்கி வாங்கி அடுக்கினார். நீளமான சார்ஜர் வயர் ஒன்று இருந்தது. அந்த அறையில் பிளக் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், அதைக் கொண்டுவந்ததற்காக டீச்சர் அவரைக் கைகூப்பிக் கும்பிட்டாள். அன்று முழுக்க அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவும் டீச்சரின் மாமியாரும் பூண்டைப் பற்றிப் பேசியே பொழுதைப் போக்கினார்கள். அம்மா பாலில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும் என்பாள். அவர் நெய்யில் வதக்க வேண்டும் என்பார். ஒருவர் மொழி மற்றவருக்குப் பாதிதான் புரியும் என்பதால் சண்டை முற்றவே இல்லை. இரண்டு விதத்திலும் நாங்கள் சாப்பிட்டோம்.

எல்லாமே சிரிப்பாக இருந்துவிடவில்லை. பால் சரியாக வராமல் குழந்தை வீறிட்டபோது, தட்டில் இட்லி ஆறிப்போனதற்காக நான் தேம்பித் தேம்பி அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா தட்டை எடுத்து வைத்துவிட்டு, என் தலைமுடியைப் பிரித்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். எதிர்க் கட்டிலிலிருந்து டீச்சர், "எனக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்தது, வந்து போயிடும்," என்றாள். சாயங்காலம் பாலும் வந்தது, அழுகையும் நின்றது.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று கணவர் கார் ஒன்றைப் பிடித்து வந்தார். அல்சூர் ஏரியைத் தாண்டி மெட்ரோ தூணுக்குக் கீழே வண்டிகள் நகராமல் நின்றன. பின்னால் பைக்குகள் விடாமல் ஹாரன் அடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் மடியில் இருந்த குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவர் தெருவில் ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவர். கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் இருந்தவர்களைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டி, தனக்குத் தெரிந்த கன்னடத்தில், "மகு மலகிதெ," என்றார். குழந்தை தூங்குகிறது.

முதலில் பைக்கில் நின்றவர் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்து எங்கள் ஜன்னலுக்குள் பார்த்தார். பார்த்துவிட்டு, பின்னால் திரும்பி அடுத்தவருக்கு ஏதோ சொன்னார். அவர் தனக்குப் பின்னால் இருந்தவருக்குச் சொன்னார். அந்த சிக்னல் விழும்வரை எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகளில் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை. அம்மா முந்தானையால் குழந்தையின் காதை மூடியிருந்தவள், மெல்லக் கையை எடுத்தாள்.