பச்சை விளக்கும் ஒரு கதவும்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பூம்ப்ளிஸ் ஊரின் மண்டபத்தில், தன் நாடகத்தை மேடையேற்ற வந்திருந்த வங்காள நாடகாசிரியை ஓரிடத்தில் உட்காரவேயில்லை. கொல்கத்தாவில் பெண்களுக்கென நாடகப் பள்ளி தொடங்கியவர். பருத்திச் சேலைக்கு ஓட்டக் காலணி அணிந்திருந்தார். ஒளியமைப்பு என் பொறுப்பு. முப்பத்தொரு மாற்றங்களையும் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்.

நாடகம் தொடங்க ஒரு மணி நேரமே இருந்தது. "கடைசியில் நாயகி வீட்டைவிட்டுப் போகும்போது முழு இருட்டு வேண்டும். அந்தப் பச்சை விளக்கையும் மூடு" என்றார் நாடகாசிரியை என்னிடம் ஆங்கிலத்தில்.

அது அவசர வாசல் விளக்கு. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணை பதறினார். "ஐயோ தங்கச்சி, அதை மூடினா நாடகத்தையே நிப்பாட்டிப்போடுவாங்கள். அந்த அம்மாவுக்குச் சொல்லும்!"

சொன்னேன். நாடகாசிரியை மண்டபத்தை இரண்டு முறை சுற்றி நடந்தார். "அப்படியானால் அவள் அந்த விளக்கின் கீழிருக்கும் கதவாலேயே போகட்டும்."

அன்று கடைசிக் காட்சியில் மற்ற விளக்குகளை அணைத்தேன்; நடிகை பச்சை வெளிச்சத்தில் நின்று பேசினாள். கதவைத் திறந்து தெருவுக்கே போய்விட்டாள். திரும்பி வருவாள் என்று சபை காத்திருந்தது. விளக்கைப் போடவா என்று சைகையில் கேட்டேன். நாடகாசிரியை வேண்டாமென்று தலையசைத்தார். எவ்வளவு நேரத்துக்கு என்று சொல்லவில்லை.