என் மகளைச் சாட்சி சொல்ல வைத்தேன்

கர்த்தருக்கு நன்றி சொல்லும் முன் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும், சகோதர சகோதரிகளே. போன ஜூலையில் என் மகள் எஸ்தர் இதே சபையில் எழுந்து, தனக்குப் பூரண சுகம் என்று சாட்சி சொன்னாள். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். அந்தப் பொய்யை அவள் வாயில் வைத்தவள் நான்.

அவளுக்குத் தாம்பரத்தில் வேலை. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். டாக்டர் பதற்ற நோய் என்று மாத்திரை எழுதினார். ஒரு மாதத்தில் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்துகிறவள் நான். என் மகளே மாத்திரை போட்டால் சபை என்ன நினைக்கும்? விசுவாசம் இருந்தால் நிறுத்து என்றேன். நிறுத்தினாள். அடுத்த ஞாயிறே கையில் மைக்கைக் கொடுத்தேன்.

ரயில் ஏற முடியாமல் இரண்டு வாரத்தில் அவள் வேலை போனது. வாசலைத் தாண்டவில்லை. சோறு இறங்கவில்லை. நான் எண்ணெய் பூசி இன்னும் சத்தமாக ஜெபித்தேன். சே, நானெல்லாம் ஒரு தாயா! ஒரு மத்தியானம் ஜெபத்தின் நடுவே என் கையைப் பிடித்தாள்.

"எம்மா, எனக்கு சரியாவல. எல்லாரும் கை தட்டிட்டாங்க, இனிமே எப்பிடிச் சொல்றது? செத்துடலாம்னு தோணுதும்மா."

ஆண்டவரே, என் பேர் நாறினாலும் பரவாயில்லை, என் பிள்ளையைத் தாரும் என்று அழுதேன். அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் பதற்றம் கூடியிருக்கிறது என்றார் மனநல டாக்டரம்மா. மாத்திரை, வாராவாரம் ஆலோசகரிடம் பேசுவது, பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவது என்று எல்லா வழியையும் விளக்கி, எது ஒத்துவரும் என்று எஸ்தரைக் கேட்டார். வழக்கம்போல் நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா வெளிய இருக்கட்டும் டாக்டர்," என்றாள் எஸ்தர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளை தனக்காகத் தானே பேசிவிட்டாள்; ஜெபம் கேட்கப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றையும் அவளே தேர்ந்தெடுத்தாள். இப்போது சாப்பிடுகிறாள். சிங்கப்பெருமாள்கோயில் வரை ரயிலில் போய் வருகிறாள். இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. அதையும் சொல்லச் சொல்லித்தான் இன்று இங்கே பேச அனுமதி தந்தாள்.

என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் இங்கே இன்னும் இரண்டு பேர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். மன்னித்துவிடுங்கள். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன், வரிசையில் நிற்கிறேன். ஆண்டவரை நம்புங்கள். இந்த விஷயத்தில் என்னை நம்பாதீர்கள்.